எனக்கும் ஒன்பது வயது மகளுக்கும் ஒரே மல்டிஃபோகல் லென்ஸா?

கேள்வி: 8 ஜூன் 2024

எனக்கு வயது 44. இரண்டு கண்களுக்கும் மைனஸ் 6.00 பவர். சென்ற ஆண்டிலிருந்து செய்தித்தாள் படிக்கும்போது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் படிக்கிறேன். என் மகளுக்கு ஒன்பது வயது. எட்டே மாதங்களில் அவளுடைய பவர் மைனஸ் 1.50 இலிருந்து மைனஸ் 2.25 ஆகிவிட்டது. போன வாரம் இருவரும் ஒன்றாகக் கண் பரிசோதனைக்குப் போனோம். எனக்கு மல்டிஃபோகல் கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்றார்கள். அதை ஏற்றுக்கொண்டேன். மகளுக்கும் அதையே பரிந்துரைத்தபோதுதான் மனம் ஒப்பவில்லை. வெள்ளெழுத்து நாற்பது வயதுக்கு மேல் வருவது. ஒன்பது வயதுக் குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் எதையும் தெளிவாகப் படிக்கிறாள். அவளுக்கு எதற்கு இந்த லென்ஸ்? இது விற்பனைக்காகச் சொல்லப்படுவது என்றே நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

9 ஜூன் 2024, காலை

சந்தேகம் நியாயமானது, முடிவு தவறு. நான் திருநெல்வேலியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை, வயது 47. மூன்று ஆண்டுகளாக மல்டிஃபோகல் லென்ஸ் அணிகிறேன். பதினொரு வயதான என் மகன் பதினான்கு மாதங்களாக அணிகிறான். இரண்டு பேருடைய லென்ஸ் டப்பாக்களும் ஒரே அலமாரியில் இருப்பதால், பெயர் ஒன்றாக இருந்தும் வேலை எவ்வளவு வேறு என்பதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் உங்களுடைய நிலை. கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் இளமையில் நெகிழ்வாக இருக்கும். அருகில் பார்க்கும்போது தன்னைத் தடிப்பாக்கிக்கொண்டு குவியத்தை மாற்றும். வயது ஏற ஏற அது விறைத்துப்போகிறது. 40 சென்டிமீட்டர் தொலைவில் புத்தகம் படிக்கக் கண்ணுக்கு 2.50 டையாப்டர் (லென்சின் பவரை அளக்கும் அலகு) கூடுதல் திறன் வேண்டும். அதை நம் கண்ணால் முழுதாகத் தர முடியாமல் போவதையே வெள்ளெழுத்து என்கிறோம். இதற்குக் கண்ணாடியில் கொடுக்கும் ப்ரோகிரசிவ் லென்சில் மேல்பகுதி தூரத்துக்கும் கீழ்ப்பகுதி படிப்பதற்கும் ஆனது. கண்ணைத் தாழ்த்தினால் படிக்கும் பகுதிக்கு வந்துவிடுவோம். கான்டாக்ட் லென்ஸ் கண்ணோடு சேர்ந்தே நகர்வதால் அந்த வழி அதற்கு இல்லை. எனவே தூரத்துக்கான திறனையும் கிட்டத்துக்கான திறனையும் வட்டம் வட்டமாகவோ, நடுவிலிருந்து விளிம்புக்குப் படிப்படியாக மாறும்படியோ ஒரே லென்சில் வைத்திருக்கிறார்கள். இரண்டு பிம்பங்களும் ஒரே நேரத்தில் விழித்திரையில் விழுகின்றன. வேண்டியதைக் கவனித்து மற்றதைத் தள்ளிவிட மூளை பழகிக்கொள்கிறது. கொசுவலை அடித்த சன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பவருக்கு வலை கண்ணில் படாததைப் போன்ற பழக்கம் அது. பழக்கம் என்பதால்தான் முதல் நாளில் யாருக்கும் அது முழுமையாகக் கைகூடுவதில்லை.

9 ஜூன் 2024, இரவு

மகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவளுக்கு இந்த லென்ஸ் படிப்பதற்காகக் கொடுக்கப்படவில்லை. கிட்டப்பார்வை உள்ள குழந்தையின் விழிக்கோளம் அளவுக்கு மீறி நீளமாக வளர்கிறது. பவர் ஏறுவது அந்த வளர்ச்சியின் விளைவு. சாதாரணக் கண்ணாடி அவளுக்குக் கரும்பலகையைத் தெளிவாகக் காட்டும், ஆனால் விழிக்கோளம் நீள்வதை அது தடுக்காது. மல்டிஃபோகல் லென்சில் நடுப்பகுதி தூரப்பார்வையைச் சரிசெய்ய, சுற்றியுள்ள பகுதி ஒளியின் ஒரு பங்கை விழித்திரைக்குச் சற்று முன்னாலேயே குவியச் செய்கிறது. விழிக்கோளம் வளர வேண்டாம் என்பதற்கான குறிப்பாக அந்த ஒளி செயல்படுகிறது. உங்கள் லென்ஸ் இன்றைய பார்வைக்கு, அவளுடையது இன்னும் பத்து ஆண்டுகள் கழித்து இருக்கப்போகும் கண்ணுக்கு.

பெரியவர்களின் லென்சில் நடுப்பகுதி கிட்டத்துக்கும், குழந்தைகளின் லென்சில் நடுப்பகுதி தூரத்துக்கும் இருக்கும். ஆகவே இரண்டும் வெவ்வேறு பொருள்கள்.

12 ஜூன் 2024

என் அனுபவத்தை விரிவாக எழுதும்படி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

2021 இல், இணையவழி வகுப்புகள் நடந்த நாள்களில், கணினித் திரைக்கும் விடைத்தாளுக்கும் இடையே கண்ணாடியைக் கழற்றி மாட்டி அலுத்துப்போய்த்தான் இதை நாடினேன். எனக்கும் மைனஸ் 5.75. முதலில் போன ஒரு கடையில் கண்ணாடிச் சீட்டில் இருந்த பவரை அப்படியே எழுதி, படிக்கும் பவரையும் சேர்த்து லென்ஸ் வரவழைத்துக் கொடுத்துவிட்டார்கள். பரிசோதனை எதுவும் இல்லை. ஒரு வாரம் தலைவலியோடு நடந்தேன். தூரமும் சரியில்லை, கிட்டமும் சரியில்லை. இந்த லென்ஸ் எனக்கு ஒத்துவராது என்று நான் முடிவு செய்து ஐந்து மாதங்கள் வீணாயின.

பிறகு, பார்வையைச் சோதித்து லென்ஸ் பொருத்தும் ஆப்டோமெட்ரிஸ்ட் ஒருவர் பொறுமையாக விளக்கினார். கண்ணாடி கண்ணிலிருந்து ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. கான்டாக்ட் லென்ஸ் கருவிழியின் மேலேயே அமர்கிறது. 4 டையாப்டருக்கு மேல் போனால் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். உங்களுடைய மைனஸ் 6.00 கண்ணாடி கான்டாக்ட் லென்சில் ஏறத்தாழ மைனஸ் 5.60 ஆகும், கிடைக்கும் அளவுகளில் மைனஸ் 5.50 அதற்கு மிக அருகில் இருப்பது. கணக்கு ஆசிரியையாக இருந்தும் இதைக் கேட்கத் தோன்றாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இன்னொன்றையும் அவரிடம்தான் அறிந்தேன். கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடி வழியாகப் படிக்கும்போது அந்த இடைவெளியின் காரணமாகவே கண் சற்றுக் குறைவாக உழைத்தால் போதும். கான்டாக்ட் லென்சுக்கு மாறியதும் அந்தச் சலுகை போய்விடுகிறது. நாற்பதை ஒட்டிய பலர், அதுவரை கண்ணாடியில் ஒழுங்காகப் படித்தவர்கள், சாதாரண கான்டாக்ட் லென்ஸ் போட்ட அன்றே எழுத்து மங்குகிறது என்று அலறிக்கொண்டு வருவது இதனால்தான். லென்சில் குறை இல்லை. மறைந்திருந்த வெள்ளெழுத்து வெளியே தெரிகிறது. உங்களைப் போல அதிகப் பவர் உள்ளவர்களுக்கு இழப்பு இன்னொன்றும் உண்டு: கண்ணாடியைக் கழற்றிவிட்டு மிக அருகில் வைத்து ஊசியில் நூல் கோக்கும் வசதி லென்ஸ் போட்டிருக்கும்போது கிடையாது. என் அம்மாவின் வீட்டில் அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்த அன்று அதை உணர்ந்தேன்.

சரியான பவரோடு டிரையல் லென்ஸ் போட்ட பிறகும் முதல் நான்கு நாள்கள் எழுத்துகளைச் சுற்றி நிழல் தெரிந்தது. வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தைவிடக் கரும்பலகையில் சுண்ணாம்பு எழுத்து மோசமாக இருந்தது. பத்தாவது நாளில் வகுப்பில் பின்வரிசைப் பையன் நோட்டைத் தூக்கிக் காட்ட, அங்கிருந்தே படித்துவிட்டு, கையில் இருந்த வருகைப் பதிவேட்டையும் குனிந்து படித்தேன். நடுவில் எதையும் கழற்றவில்லை. அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இன்னும் நினைவில் வைத்திருக்கிறேன்.

13 ஜூன் 2024

ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணைச் சோதித்துப் பார்க்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான், நானும் செய்தேன். இந்த லென்ஸ்கள் இரு கண்களும் சேர்ந்து பார்ப்பதற்காகப் பொருத்தப்படுகின்றன. பரிசோதனை அறையிலும், முகத்தின் முன் இறக்கும் பெரிய கருவியை விட்டுவிட்டு, வழக்கமான வெளிச்சத்தில், கையில் பிடிக்கும் சிறு கண்ணாடிகளை இரு கண்களும் திறந்திருக்கும்போதே வைத்துத் திருத்துவதுதான் முறை. அந்தப் பெரிய கருவிக்குப் பின்னால் கண்மணி விரிந்துவிடுகிறது, அதனால் லென்சின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்பதே மாறிவிடுகிறது. அந்த இடத்தில் உங்கள் செல்பேசியையும் நீங்கள் வழக்கமாகப் படிக்கும் தாளையும் எடுத்துப் படித்துப் பாருங்கள். எழுத்துப் பலகையில் கடைசி வரி தெரிவது மட்டும் அளவுகோல் ஆகாது.

20 ஜூன் 2024

"பிள்ளைகளுக்கு வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டா, அல்லது உங்கள் மகன் ஒருவன்தானா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்வி.

2020 இல் 'ஜாமா' மருத்துவ இதழில் 'பிளிங்க்' என்ற ஆய்வின் முடிவுகள் வெளிவந்தன. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகமும் ஹூஸ்டன் பல்கலைக்கழகமும் நடத்தியது. 7 முதல் 11 வயது வரையிலான 294 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கல் போல மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சாதாரண கான்டாக்ட் லென்ஸ், இன்னொன்றுக்கு 1.50 கூடுதல் திறன் உள்ள மல்டிஃபோகல், மூன்றாவதற்கு 2.50 கூடுதல் திறன் உள்ள மல்டிஃபோகல். மூன்று ஆண்டுகள் கழித்து முதல் குழுவில் சராசரியாக 1.05 டையாப்டரும், இரண்டாவதில் 0.89 உம், மூன்றாவதில் 0.60 உம் கிட்டப்பார்வை ஏறியிருந்தது. விழிக்கோளம் முறையே 0.66, 0.58, 0.42 மில்லிமீட்டர் நீண்டிருந்தது.

இந்த எண்களை அப்படியே பாருங்கள். கிட்டப்பார்வை நிற்கவில்லை. குறையவும் இல்லை. ஏறும் வேகம்தான் தணிந்தது, அதுவும் 2.50 திறனில்தான் தெளிவாகத் தணிந்தது, 1.50 இல் வேறுபாடு சொற்பம். ஆகவே மகளுக்கு எந்தக் கூடுதல் திறன் எழுதியிருக்கிறார்கள் என்று சீட்டைப் பார்த்துக் கேளுங்கள். வெள்ளெழுத்துக்குப் பழகிய கை "குழந்தைதானே, குறைவாகக் கொடுப்போம்" என்று எழுதிவிடலாம். பெரியவர்களுக்குத் தேவைக்கு மேல் கூடுதல் திறன் கொடுக்கக் கூடாது; கொடுத்தால் தூரப்பார்வை கெடும். குழந்தைகளுக்கு அந்தச் சிக்கனம் பயன் தராது.

பகல் முழுதும் அணிந்து இரவில் எறிந்துவிடும் 'மைசைட்' லென்ஸ் வேறொரு வழி. அதில் தூரத்துக்கான வட்டங்களும் 2 டையாப்டர் கூடுதல் திறன் உள்ள வட்டங்களும் மாறி மாறி வருகின்றன. 8 முதல் 12 வயதுக்குள் தொடங்கும் குழந்தைகளுக்கென 2019 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளித்தது. மூன்றாண்டுச் சோதனையில் பவர் ஏறுவது சாதாரண லென்சோடு ஒப்பிடும்போது 59 விழுக்காடு குறைந்திருந்தது.

ஒரு டையாப்டரில் பாதிக்கும் குறைவான ஆதாயத்துக்கு இவ்வளவு பாடா என்று கேட்பீர்கள். பவர் மைனஸ் 6 ஐத் தாண்டிய கண்களில் விழித்திரை விலகல், கண்நீர் அழுத்தம், விழித்திரையின் மையமான மாகுலாவின் சிதைவு ஆகியவற்றின் அபாயம் ஏறுகிறது. நீங்களும் நானும் அந்த எல்லைக்கோட்டில் நிற்பவர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்க்கச் சொல்லும் மருத்துவரின் முன் உட்காரும்போதெல்லாம், என் பத்து வயதில் இப்படியொன்று இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்கிறேன்.

21 ஜூன் 2024

9 ஆம் தேதி இரவு நான் எழுதிய கடைசி இரண்டு வாக்கியங்கள் தவறு. திருத்திக்கொள்கிறேன்.

பெரியவர்களின் லென்சுகளில் பெரும்பாலானவற்றில் நடுப்பகுதி கிட்டத்துக்கானது என்பது உண்மை. ஆனால் எல்லாவற்றிலும் அப்படியில்லை. 'பயோஃபினிட்டி' மல்டிஃபோகலில் ஆதிக்கக் கண்ணுக்கு (பார்ப்பதில் மூளை முதன்மை தரும் கண்ணுக்கு) நடுவில் தூரம் உள்ள 'டி' லென்சும், மற்றக் கண்ணுக்கு நடுவில் கிட்டம் உள்ள 'என்' லென்சும் கொடுப்பது வழக்கம். 'பிளிங்க்' ஆய்வில் குழந்தைகளின் இரு கண்களுக்கும் கொடுக்கப்பட்டது அந்த 'டி' லென்ஸ்தான். அதாவது பெரியவர்களுக்காகச் செய்து கடையில் இருந்த லென்சையே எடுத்து வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள். "ஒரே லென்ஸா?" என்ற உங்கள் கேள்வியில் உண்மை இருந்திருக்கிறது, நான்தான் அவசரப்பட்டு இரண்டும் வெவ்வேறு பொருள்கள் என்று எழுதிவிட்டேன். பொருள் ஒன்றாக இருக்கலாம். எந்தக் கண்ணுக்கு, எந்த வகை, எவ்வளவு கூடுதல் திறன், எதற்காக என்பவையே வேறுபடுகின்றன.

ஆதிக்கக் கண் எது என்று அறிய இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சிறு துளை விட்டு, அதன் வழியே தூரத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினால் கடிகாரம் மறைகிறதோ அதுவே உங்கள் ஆதிக்கக் கண். எனக்கு இடது.

14 ஜூலை 2024

வெளிச்சத்தைப் பற்றிக் கேட்டவருக்கு.

என் லென்சில் நடுவில் கிட்டம். உச்சி வெயிலில் கண்மணி சுருங்கும்போது ஒளி அந்த நடுப்பகுதி வழியாகவே பெரும்பாலும் உள்ளே போகிறது. அதனால் வண்ணார்பேட்டைச் சாலையில் பன்னிரண்டு மணி வெயிலில் பேருந்தின் பெயர்ப் பலகை எனக்குச் சற்று மங்கலாகத் தெரியும். குளிர்க்கண்ணாடி போட்டால் கண்மணி விரிந்து தெளிவு கூடுகிறது. இரவில் கண்மணி பெரிதாகிறது, தூரப் பகுதிக்குப் போதிய ஒளி கிடைக்கிறது. ஆனால் எதிரே வரும் வண்டிகளின் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வளையம் முழுதாகப் போகவில்லை. இரவில் ஸ்கூட்டர் ஓட்டும் நாள்களில் நான் பழைய கண்ணாடியையே அணிகிறேன். இரவில் நெடுஞ்சாலையில் லாரியோ காரோ ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறுகண்ணைக் கிட்டத்துக்கும் விட்டுவிடும் மோனோவிஷன் முறையைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். எளிது, செலவு குறைவு, எழுத்து கூர்மையாக இருக்கும். ஆனால் இரு கண்களும் சேர்ந்து தரும் ஆழ உணர்வு குறையும். மாடிப்படி இறங்குகையில் எனக்குக் கால் தடுமாறியதால் இரண்டே நாளில் விட்டுவிட்டேன். என் தங்கை அதில்தான் ஆறு ஆண்டுகளாக மகிழ்ச்சியாக இருக்கிறாள்.

3 ஆகஸ்ட் 2024

எழுதக் கூச்சமாக இருந்ததால் தள்ளிப்போட்ட செய்தி இது. பிள்ளைகளுக்குப் போடும் பெற்றோர்கள் படிப்பதால் எழுதியே ஆக வேண்டும்.

இரண்டாம் ஆண்டில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தபோது லென்சைக் கழுவி ஊறவைக்கும் சொல்யூஷன் பாட்டிலை மறந்துவிட்டேன். ஓர் இரவுதானே என்று லென்ஸ் டப்பாவைக் குழாய்த் தண்ணீரில் கழுவி, அதே தண்ணீரில் லென்சை ஊறப்போட்டேன். மறுநாள் முகூர்த்தம் வரை அணிந்திருந்தேன். மாலையில் வலது கண் சிவந்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. அடுத்த நாள் காலை மருத்துவரிடம் போனபோது கருவிழியின் ஓரத்தில் ஒரு புள்ளி இருந்தது. மணிக்கொருமுறை சொட்டு மருந்து, மூன்று வாரம் லென்சுக்கு விடுப்பு. புள்ளி நடுவில் இல்லாததால் பார்வை தப்பியது.

குழாய்த் தண்ணீரிலும் கிணற்று நீரிலும் அகாந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி இருக்கக்கூடும். அது கருவிழியைத் தொற்றினால் மாதக்கணக்கில் மருந்து வேண்டும், பார்வையும் போகலாம். கொதிக்கவைத்த தண்ணீர், வீட்டில் கரைத்த உப்பு நீர், எச்சில் எதுவும் சொல்யூஷனுக்கு ஈடில்லை. டப்பாவில் நேற்றைய சொல்யூஷனைக் கொட்டாமல் மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்பும் பழக்கமும் ஆபத்தானது. டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். லென்சோடு தூங்கவே கூடாது: பகலில் மட்டும் அணிவோரில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் ஏறத்தாழ 2 பேருக்கு வரும் கருவிழித் தொற்று, லென்சோடு தூங்குவோரில் ஏறத்தாழ 20 பேருக்கு வருகிறது.

சிவப்பு, வலி, கூச்சம், மங்கல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் லென்சைக் கழற்றிவிட்டு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நான் ஓர் இரவு காத்திருந்தேன். அதைச் செய்யாதீர்கள்.

4 ஆகஸ்ட் 2024

தாமிரபரணியில் குளிக்கும்போதும் லென்ஸ் கூடாது. நீச்சல் குளத்திலும் கூடாது.

11 ஆகஸ்ட் 2024

"இதைப் படித்த பிறகு ஒன்பது வயதுக் குழந்தையை நம்பி எப்படிக் கொடுப்பது, அக்கா?" என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். என் மனத்திலும் அந்த அச்சம் இருந்தது. நான் செய்தது இதுதான்: மகனுக்கு லென்ஸ் வாங்குவதற்கு முன் இரண்டு வாரம், சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்து, கீழ் இமையை இழுத்து, வெறும் விரலால் வெண்விழியைத் தொடாமல் அருகே கொண்டுபோய்ப் பழகச் சொன்னேன். லென்சைப் போடவும் கழற்றவும் தானே கற்றுக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எனக்கு வேண்டியது வயதைவிட ஒழுங்கு. சொன்ன நேரத்தில் பல் துலக்காத பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதானாலும் கொடுக்க யோசிப்பேன்.

ஒழுங்கைப் பற்றி நம்பிக்கை இல்லாவிட்டால் வேறு வழிகள் இருக்கின்றன. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் உருவான 'டிம்ஸ்' கண்ணாடிகளில், நடுவே தெளிவான பகுதியைச் சுற்றி நூற்றுக்கணக்கான நுண்லென்சுகள் இதே கொள்கையில் வேலை செய்கின்றன. கண்ணைத் தொட வேண்டியதில்லை. குறைந்த செறிவு அட்ரோபின் சொட்டு மருந்தும் உண்டு. அதன் செறிவையும் காலத்தையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். லென்ஸ் ஒன்றே வழி என்ற எண்ணம் என் முந்தைய குறிப்புகளில் தொனித்திருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

22 செப்டம்பர் 2024

யாருக்கு ஒத்துவராது? சிலிண்டர் பவர் (கருவிழி எல்லாத் திசையிலும் ஒரே சீராக வளையாததைத் திருத்தும் பவர்) ஒன்றை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் சாதாரண மல்டிஃபோகல் அதைத் திருத்தாது. அதற்கென வேறு வகை வேண்டும். கண் வறட்சி உள்ளவர்களுக்குக் கடினம். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது. கண்ணீர்ப் படலம் கலைந்தால் முதலில் கெடுவது இந்த லென்சின் பார்வைதான். ஐம்பதை நெருங்கும் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் வறட்சி கூடுகிறது. எனக்கு இந்த ஆண்டு அது தொடங்கிவிட்டது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் எழுத்து மங்குவதைப் பார்த்து லென்சின் பவர் மாறிவிட்டது என்று நினைத்தேன். செயற்கைக் கண்ணீர் இரண்டு சொட்டு விட்டதும் தெளிந்தது. சளிக்குப் போடும் ஒவ்வாமை மாத்திரைகளும் கண்ணை உலர்த்தும்.

29 அக்டோபர் 2024

நாளை மறுநாள் தீபாவளி. எண்ணெய் தேய்த்த கையால் லென்சைத் தொட்டுவிட்டால் அந்தப் படலம் எளிதில் போகாது. சீயக்காய்க்குப் பிறகு சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவிய பின்னரே டப்பாவைத் திறக்கவும். பட்டாசு வெடிக்கும் நேரம் முழுதும் பிள்ளைகள் கண்ணாடியோடு இருக்கட்டும்.

15 டிசம்பர் 2024

மகனின் அளவு எடுத்தோம். விழிக்கோளத்தின் நீளம் வலது கண்ணில் பன்னிரண்டு மாதங்களில் 24.18 இலிருந்து 24.30 மில்லிமீட்டர் ஆகியிருக்கிறது. லென்சுக்கு முந்தைய ஆண்டில் 0.31 கூடியிருந்தது. வெளியே வந்ததும் இங்கே எழுத வேண்டும் என்று மனம் துள்ளியது.

பிறகு யோசித்தேன். வயது ஏறும்போது வளர்ச்சி தானாகவே தணியும். கிட்டப்பார்வை இல்லாத பிள்ளைகளுக்கும் இந்த வயதில் விழிக்கோளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் வளர்கிறது. அதோடு, லென்ஸ் தொடங்கிய அதே கோடையில்தான் அவனை மாலை கபடிக்கு அனுப்பத் தொடங்கினோம். சீனாவின் குவாங்சோவில் பள்ளிகளில் நாளுக்கு 40 நிமிடம் வெளிப்புற நேரத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்த பிள்ளைகள் 30.4 விழுக்காடு, கூட்டாத பள்ளிகளில் 39.5. அந்த ஆய்வு கிட்டப்பார்வை வருவதைப் பற்றியது, வந்த பிறகு ஏறுவதைப் பற்றியது அன்று என்பதையும் சொல்ல வேண்டும். எனவே என் மகனின் 0.12 இல் லென்சின் பங்கு எவ்வளவு, வயதின் பங்கு எவ்வளவு, வெயிலின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடியாது. ஒரு பிள்ளையின் அளவைக் கொண்டு யாராலும் பிரிக்க முடியாது. அதற்காகத்தான் 294 குழந்தைகளை வைத்து ஆய்வு செய்கிறார்கள். கபடியையும் விடப்போவதில்லை, லென்சையும் விடப்போவதில்லை.

பவரை மட்டும் குறித்துக்கொண்டு வராதீர்கள். விழிக்கோள நீளத்தையும் அளந்து எண்ணாக எழுதி வாங்குங்கள்.

2 பிப்ரவரி 2025

"எப்போது நிறுத்துவது? நிறுத்தினால் மொத்தமாக ஏறிவிடுமா?" என்ற கேள்விக்கு இதுவரை நான் பதில் எழுதாமல் இருந்தேன். அட்ரோபினை நிறுத்தியபோது, குறிப்பாக அதிகச் செறிவில், பவர் விரைவாக ஏறிய அனுபவம் உண்டு என்பதால் லென்சைப் பற்றியும் எனக்கு அந்தப் பயம் இருந்தது. 'பிளிங்க்' குழுவினர் அதே குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்ததன் முடிவு சென்ற மாதம் வெளிவந்திருக்கிறது. எல்லோருக்கும் இரண்டு ஆண்டுகள் 2.50 லென்சைக் கொடுத்து, பிறகு ஓர் ஆண்டு சாதாரண லென்சுக்கு மாற்றினார்கள். விழிக்கோளத்தின் வளர்ச்சி அந்த வயதுக்கு உரிய வேகத்துக்குத் திரும்பியது. விட்டதைப் பிடிப்பது போன்ற துள்ளல் இல்லை. முன்பே தொடங்கியவர்கள் பெற்ற ஆதாயம் அவர்களிடமே தங்கியது. பதின்பருவத்தின் பிற்பகுதி வரை தொடர்வது நல்லது என்று எங்கள் மருத்துவர் சொல்வதற்கு இது ஒத்துப்போகிறது.

9 பிப்ரவரி 2025

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். அவருக்கு மைனஸ் 5.50 இல் நடுத்தரக் கூடுதல் திறன் ஒத்துவரவில்லையாம்; குறைந்த திறனுக்கு மாற்றிய பிறகு கணினி வேலை முழுதும் அதிலேயே நடக்கிறது, மருந்துச் சீட்டின் பொடி எழுத்துக்கு மட்டும் மேலே ஒரு படிக்கும் கண்ணாடி போட்டுக்கொள்கிறார். அதில் குறை ஒன்றும் இல்லை. நானும் ஊசி கோக்கும்போது அப்படித்தான். மகள் டிசம்பர் விடுமுறையில் லென்ஸ் தொடங்கியிருக்கிறாள். முதல் நாள் போட நாற்பது நிமிடம் ஆனதாம், இப்போது இரண்டு நிமிடம். ஆனால் கரும்பலகை முன்பைவிடச் சற்று மங்கலாக இருப்பதாகச் சொல்கிறாளாம்.

அதைப் பழகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். 2.50 லென்சில் என் மகனுக்கும் அப்படித்தான் இருந்தது. தூரப் பவரில் மைனஸ் 0.50 கூட்டிய பிறகே கடைசி வரி தெளிந்தது. பள்ளி நாளன்று, லென்சோடு, இரு கண்களும் திறந்தபடி அளக்கச் சொல்லி இந்த வாரமே அழைத்துப் போங்கள். விழிக்கோள நீளத்தை முதல் அளவாக எழுதி வாங்கினீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை.